ஃப்ளை ஃபிஷிங் கற்றுக்கொடுப்பது முன்னாள் படைவீரர்களுக்கு உண்மையிலேயே உதவுகிறதா?

நீங்கள் எழுதியிருந்தது இதுதான்: விர்ஜினியாவில் குடியேறிய பிறகு ஃப்ளை ஃபிஷிங் பழகி, உள்ளூர் கிளப்பில் சேர்ந்திருக்கிறீர்கள். கிளப் ஆண்டுக்கொருமுறை காயம்பட்ட முன்னாள் படைவீரர்கள் சிலரை ஆற்றுக்கு அழைத்துப் போகிறது. இந்த ஆண்டு நன்கொடையும் கேட்கிறார்கள், வந்து உதவச் சொல்லியும் கேட்கிறார்கள். இதனால் அவர்களுக்கு நன்மை உண்டா, ஒரு கை இல்லாதவருக்கு எப்படிக் கற்றுக்கொடுப்பது, பணம் தருவதா நேரம் தருவதா என்று மூன்று கேள்விகள். மூன்றுக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்வி என்று படுகிறது: ராணுவத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாத ஒருவர் அங்கே போய் நின்றால் பயனா, இடைஞ்சலா? பயன்தான். ஆனால் அந்தப் பயன் ஆண்டுக்கொரு ஆற்றுப் பயணத்தில் விளைவது மிகக் குறைவு. வாராவாரம் ஒரே மேசையைச் சுற்றி, ஒரே முகங்களோடு உட்காருவதில்தான் பெரும்பகுதி விளைகிறது. இந்தப் பதில் முழுவதும் அதைத்தான் விளக்கப் போகிறேன்.

இந்த விளையாட்டைப் பார்த்திராதவர்களும் படிப்பார்கள் என்பதால் கொஞ்சம் அடிப்படை. நம் ஊர் ஏரிக்கரையில் மண்புழு கோத்து வீசும் தூண்டிலில், ஈயக்குண்டும் இரையும் சேர்ந்த எடைதான் நரம்பை இழுத்துக்கொண்டு போகிறது. ஃப்ளை ஃபிஷிங்கில் இரை என்பது முள்ளின்மேல் இறகும் நூலும் சுற்றிச் செய்த பூச்சி வடிவம்; அதுதான் ஃப்ளை. அதற்கு எடை என்று சொல்லும்படி எதுவும் இல்லை. எடை தடித்த லைனில் இருக்கிறது. லைனைப் பின்பக்கம் வீசி, அது காற்றில் நேராக விரியும்வரை பொறுத்து, அதன் பிறகே முன்னால் வீச வேண்டும். தோள் வலு இங்கே அதிகம் தேவையில்லை. அவசரப்பட்டால் லைன் சுருண்டு காலடியில் விழும். பிடிப்பது பெரும்பாலும் ட்ரவுட், நீலகிரியில் அவலாஞ்சிப் பக்கம் ஆங்கிலேயர் காலத்தில் கொண்டுவந்து விட்ட அதே வகை மீன். பிடித்ததைத் திரும்ப நீரிலேயே விட்டுவிடுவதுதான் இவர்களிடம் வழக்கம்.

நீங்கள் இருக்கும் பகுதியில் இந்த முயற்சிக்கு வலுவான வேர் உண்டு. ப்ராஜெக்ட் ஹீலிங் வாட்டர்ஸ் ஃப்ளை ஃபிஷிங் என்ற அமைப்பு 2005-இல் வாஷிங்டனில் அப்போது இருந்த வால்ட்டர் ரீட் ராணுவ மருத்துவமனையில் தொடங்கியது. அமெரிக்கக் கடற்படையில் கேப்டனாக இருந்து ஓய்வுபெற்ற எட் நிக்கல்சன் அறுவை சிகிச்சைக்காக அங்கே இருந்தபோது, இராக்கிலிருந்தும் ஆப்கானிஸ்தானிலிருந்தும் கை கால் இழந்து வந்திருந்த இளைஞர்களைக் கண்டார். அவர்களில் சிலருக்கு மருத்துவமனைப் புல்வெளியில் லைன் வீசக் கற்றுக்கொடுத்ததுதான் ஆரம்பம். இப்போது நாடெங்கும் நூற்றுக்கும் மேற்பட்ட இடங்களில், பெரும்பாலும் படைவீரர் நலத்துறை மருத்துவமனைகளையும் ராணுவ முகாம்களையும் ஒட்டி நடக்கிறது. கலந்துகொள்பவருக்குச் செலவே கிடையாது. நடத்துகிறவர்கள் ட்ரவுட் அன்லிமிடெட், ஃப்ளை ஃபிஷர்ஸ் இன்டர்நேஷனல் ஆகியவற்றின் கிளைகளையும் உங்களுடையதைப் போன்ற சிறு கிளப்புகளையும் சேர்ந்த தன்னார்வலர்கள். இந்த எண்ணம் முன்மாதிரி இல்லாமல் வந்ததல்ல. மார்பகப் புற்றுநோயிலிருந்து மீளும் பெண்களுக்காக இதே விளையாட்டைக் கற்றுக்கொடுக்கும் காஸ்டிங் ஃபார் ரிகவரி 1996-லேயே தொடங்கிவிட்டது. இன்னும் பின்னால் போனால் 1948-இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டெவில் மருத்துவமனையில் லுட்விக் குட்மன் 16 முன்னாள் படைவீரர்களைச் சக்கர நாற்காலியில் அமர்த்தி நடத்திய வில்வித்தைப் போட்டி. பாராலிம்பிக்ஸ் அதிலிருந்து வளர்ந்ததுதான். 1965 போரில் குண்டடிபட்ட நம் படைவீரர் முரளிகாந்த் பேட்கர் 1972 ஹைடல்பெர்க் பாராலிம்பிக்ஸில் நீச்சலில் தங்கம் வென்றதும் அந்த வழியில்தான்.

இப்போது நன்மை பற்றி. உறுதியாகச் சொல்லக்கூடியது எது, சந்தேகத்துக்குரியது எது என்று பிரித்துச் சொல்கிறேன். 2013-இல் மிலிட்டரி மெடிசின் இதழில் ஒரு ஆய்வு வந்தது. பி.டி.எஸ்.டி. (போர் போன்ற கொடிய அனுபவத்துக்குப் பின் நீடிக்கும் மனப்பாதிப்பு) உள்ள 74 முன்னாள் படைவீரர்களைச் சில நாள் ஃப்ளை ஃபிஷிங் பயணம் அழைத்துப் போய், போவதற்கு முன்னும் கடைசி நாளிலும் ஆறு வாரம் கழித்தும் அவர்கள் நிலையை அளந்தார்கள். பதற்றமும் சோர்வும் குறைந்திருந்தன. ஆறு வாரம் கழித்தும் தூக்கம் முன்பைவிட மேலாக இருந்தது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க, பயணம் போகாத இன்னொரு குழு அதில் இல்லை. நல்ல சாப்பாடு, சுத்தமான காற்று, வீட்டுக் கவலையிலிருந்து சில நாள் விடுப்பு, தன்னைப் போன்ற சிலரின் துணை ஆகியவற்றில் எது எவ்வளவு வேலை செய்தது என்று அந்த ஆய்வை வைத்துப் பிரிக்க முடியாது. படைவீரர் நலத்துறையும் பாதுகாப்புத் துறையும் சேர்ந்து 2023-இல் வெளியிட்ட சிகிச்சை வழிகாட்டி பி.டி.எஸ்.டி.க்கு முதலில் பரிந்துரைப்பது பயிற்சி பெற்ற சிகிச்சையாளர் ஒருவருக்குத் தனியாகத் தரும் குறிப்பிட்ட சில உளசிகிச்சைகளை. மீன்பிடிப்பு அந்த இடத்தில் இல்லை. ஆகவே உங்கள் கிளப்பில் யாராவது இதைச் சிகிச்சை என்று அழைத்தால் பணிவாகத் திருத்துங்கள். சிகிச்சைக்குத் துணை என்று சொல்லலாம், அதற்கு மேல் சொல்லக் கூடாது.

இன்னொரு கூற்றும் அடிக்கடி காதில் விழும். லைன் முன்னும் பின்னும் ஆடுவதைக் கண் தொடர்ந்து பார்ப்பதால், இ.எம்.டி.ஆர். என்ற கண்ணசைவுச் சிகிச்சையின் பலன் கிடைக்கிறது என்பார்கள். இதற்கு ஆதாரம் கிடையாது. அந்தச் சிகிச்சையில் குறிப்பிட்ட ஒரு நினைவை மனத்தில் கொண்டுவந்து, பயிற்சி பெற்றவர் வழிநடத்த, படிப்படியாகச் செய்யும் வேலை இருக்கிறது. கண்ணை அசைப்பது மட்டும் சிகிச்சை ஆகிவிடாது. இத்தகைய பேச்சுகள் நல்ல எண்ணத்தில் வருபவைதான் என்றாலும், ஒருவர் மருத்துவரிடம் போவதை நிறுத்திவிடக் காரணமாகலாம் என்பதால் ஆபத்தானவை.

சந்தேகமே இல்லாமல் சொல்லக்கூடியவையும் உண்டு. விரல் நுணுக்கத்துக்கும் தோள் அசைவுக்கும் தேவையான பயிற்சி இதில் தானாகவே கிடைக்கிறது. மருத்துவமனையில் ஒரு பந்தை நூறு முறை அழுத்தச் சொன்னால் சலிப்பவர், ஒரு இறகை நூறு முறை சுற்றச் சலிப்பதில்லை. வீட்டை விட்டு வெளியே வராதவருக்கு வாரத்தில் ஒரு மாலை வெளியே வரக் காரணம் கிடைக்கிறது. எதிரே ஒருவர் முகத்தைப் பார்த்துப் பேச முடியாதவர்கூட, இருவர் கண்ணும் கையிலுள்ள வேலைமேல் இருக்கும்போது தானாகப் பேசத் தொடங்குவார். இந்த மூன்றும் வாராந்திரக் கூட்டத்தில் நடப்பவை. ஆண்டுக்கொரு பயணத்தை மட்டும் நடத்தும் கிளப்புகளில் அடிக்கடி நேர்வது இது: இரண்டு நாள் உற்சாகம், திரும்பி வந்த திங்கட்கிழமை முன்பைவிட ஆழமான சரிவு. பயணம் முடிவதற்கு முன்பே அடுத்து எப்போது, எங்கே சந்திக்கிறோம் என்ற தேதி அவர் கையில் இருந்தால் அந்தச் சரிவு பெரிதும் குறைகிறது.

அதனால் நன்றாக நடக்கும் குழுக்கள் ஆண்டைப் பருவமாகப் பிரித்துக்கொள்கின்றன. குளிர்காலத்தில் ஃப்ளை கட்டுவதும் தூண்டில் கழி செய்வதும், பனி உருகியதும் புல்வெளியில் வீசப் பழகுவது, அதன் பிறகே குளமும் ஆறும். ஃப்ளை கட்டுவதில் முதல் பாடமாகப் பெரும்பாலும் வூலி பக்கர் என்ற ஃப்ளையைத்தான் வைப்பார்கள், காரணத்தோடுதான். அது பெரியது, பிசகு பொறுப்பது, எங்கும் மீன் பிடிப்பது. 8-ஆம் எண் நீள்தண்டு முள்ளை வைஸ் என்ற சிறு மேசைக் கிடுக்கியில் இறுக்கி, தண்டு முழுதும் நூல் சுற்றி அடித்தளம் போட வேண்டும். பின்முனையில் மாரபு இறகால் தண்டின் நீளத்துக்கு வால். அதே இடத்தில் சேவல் கழுத்திறகின் நுனியையும் ஒரு துண்டு செனில் நூலையும் கட்டி, செனிலை முன்னோக்கி நெருக்கமாகச் சுற்றி, அதன்மேல் இறகை ஐந்தாறு சுற்றாக இடைவெளி விட்டு ஏற்றி, முன்னால் கட்டி முடிச்சுப் போட்டு ஒரு துளி பசை வைத்தால் ஆயிற்று. புதியவர் எல்லாரும் செய்யும் பிழை ஒன்றுதான்: முள்ளின் கண்வரை செனிலைக் கொண்டுவந்துவிடுவார்கள், பிறகு முடிச்சுப் போட இடம் இருக்காது. கண்ணுக்குப் பின்னால் கண்ணைப்போல இரண்டு மடங்கு இடம் விட்டு, அந்த எல்லையில் மார்க்கரால் முன்கூட்டியே ஒரு கோடு போட்டுக் கொடுங்கள். அந்த ஒரு கோடு பாதி ஏமாற்றத்தைத் தவிர்த்துவிடும். கை நடுக்கம் உள்ளவருக்கு இன்னும் பெரிய 6-ஆம் எண் முள்ளும், இழுத்தால் அறாத தடித்த நூலும் கொடுங்கள். மெல்லிய நூல் மூன்றாம் முறை அறுந்ததும் எழுந்து போய்விட்டவர் அடுத்த வாரம் வருவது அரிது.

மூளைக்காயம் பட்டவரோடு உட்காரும்போது முறை மாற வேண்டும். குண்டுவெடிப்பின் அதிர்வால் வந்த காயம் வெளியே தெரியாது. ஆள் நன்றாகப் பேசுவார், ஆனால் ஐந்து படிகளைச் சேர்த்துச் சொன்னால் இரண்டாவதிலேயே நின்றுவிடுவார். ஒரு நேரத்தில் ஒரு படி சொல்லி, அது முடிந்த பிறகு அடுத்ததைச் சொல்லுங்கள். படிகளைப் படத்தோடு ஒரு அட்டையில் அச்சிட்டு அவர் முன்னால் வையுங்கள், வீட்டுக்கும் கொண்டுபோகக் கொடுங்கள். ஒரு ஃப்ளைக்கு வேண்டிய பொருள் எல்லாவற்றையும் ஒரு சிறு கிண்ணத்தில் போட்டு வைத்தால் தேடும் வேலை இருக்காது. கண்கூசும் குழல்விளக்கை அணைத்து மேசை விளக்கு போடுங்கள். சிலருக்கு அந்த மினுக்கலே தலைவலியைக் கிளப்பும். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து நடக்க இடைவேளை. “போன வாரம் செய்தோமே, நினைவில்லையா?” என்ற கேள்வியை மட்டும் கேட்கவே கூடாது. முதலிலிருந்து தொடங்கினால் போதும்.

கழி செய்வது இந்தத் திட்டத்திலேயே மிக நல்ல பகுதி என்பது என் தீர்ப்பு. வாரம் ஒரு மாலை என்று வைத்தால் எட்டு முதல் பத்து வாரம் பிடிக்கும். வெறும் கார்பன் குழலாக வரும் 9 அடி, 5-ஆம் எடைக் கழியில் (இந்த எண் கழி ஏற்கும் லைனின் எடை வகுப்பு; எண் சிறிதானால் இலேசானது) ரீல் பொருத்தும் இருக்கையையும் கார்க் பிடியையும் பசைவைத்து ஒட்டி, லைன் ஓடும் வளையங்களை அளவட்டவணைப்படி இடம் குறித்து, ஒவ்வொன்றின் காலையும் அரத்தால் சரிவாகத் தேய்த்து, மேலே நூலை இடைவெளியில்லாமல் சுற்ற வேண்டும். சுற்றின் கடைசியில் ஒரு நூல்வளையத்தைச் செருகி, முனையை அதற்குள் விட்டு உள்ளே இழுத்துவிட்டால் முடிச்சே தெரியாது. பிறகு அந்த நூலின்மேல் எபாக்சிப் பூச்சு. கெட்டுப்போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். பிசினும் கடினமாக்கியும் கண்ணளவில் ஊற்றினால் ஒருபோதும் காயாமல் பிசுபிசுப்பாகவே நின்றுவிடும்; தனித்தனி சிரிஞ்சில் சம அளவு எடுக்க வேண்டும். வேகமாகக் கலக்கினால் குமிழி ஏறும், மெதுவாகக் கலக்க வேண்டும். பூசிய பிறகு கழியைச் சிறு மோட்டாரில் மெல்லச் சுழலவிட்டு ஒரு நாள் காயவைக்காவிட்டால் ஒரு பக்கமாக வழிந்து தடிக்கும். வாராவாரம் கொஞ்சம் கொஞ்சமாக வளரும் வேலை என்பதால் அடுத்த வாரம் வர வேண்டும் என்ற கட்டாயம் இயல்பாக வந்துவிடுகிறது. முடிவில் அந்தக் கழி அவருடையது. வளையத்துக்கு மேலே தன் படைப்பிரிவின் நிறங்களில் நூல் சுற்றுபவர்கள் நிறைய. ஹீலிங் வாட்டர்ஸ் இதற்கென்றே நாடு தழுவிய கழி செய்யும் போட்டியும் நடத்திவந்திருக்கிறது.

புல்வெளியில் வீசப் பழகும்போது முள் வேண்டாம். லைனின் முனையில் சேரும் மெல்லிய நரம்பான தங்கூசியின் நுனியில் பளிச்சென்ற கம்பளி நூல் துண்டு ஒன்றைக் கட்டுங்கள், எங்கே விழுகிறது என்று தெரியும், யாருக்கும் காயமும் படாது. முதலில் 20 அடி லைன் போதும். கட்டைவிரல் பிடியின் மேலே, கடிகார முள்ளில் பத்துக்கும் இரண்டுக்கும் இடையில் அசைவு, இரு முனையிலும் சட்டென்று நிறுத்தம், பின்னால் நிறுத்தியதும் லைன் விரியக் காத்திருத்தல். மணிக்கட்டு மடங்கினால் லைன் பின்னால் தரையில் இடிக்கும். அப்போது கழியின் அடிமுனையைச் சட்டைக் கைக்குள் செருகிவிட்டாலோ முன்கையோடு ஒரு பட்டையால் கட்டிவிட்டாலோ மணிக்கட்டு மடங்காது. தோளில் காயம் உள்ளவருக்கு 4-ஆம் எடையோ அதற்கும் இலேசானதோ கொடுங்கள். சக்கர நாற்காலியில் இருப்பவருக்குக் கொஞ்சம் நீளமான, 10 அடிக் கழி நல்லது. உட்கார்ந்திருப்பதால் லைன் தாழ்வாக வரும், நீளம் அதை ஈடுசெய்யும். அதே காரணத்தால் முள் பக்கத்தில் நிற்பவரின் முக உயரத்தில் பறக்கும் என்பதை மறக்க வேண்டாம். எல்லாருக்கும், உங்களுக்கும்தான், கண்ணாடி கட்டாயம். ஆற்றுக்குப் போகும்போது முள்ளின் எதிர்முள்ளைக் குறட்டால் நசுக்கிவிடுங்கள்.

இப்போது ஒரு கை உள்ளவர் பற்றி. வீசுவதில் அவருக்குச் சிரமம் குறைவு, ஏனென்றால் வீச்சு ஒரு கை வேலைதான். சிக்கல் லைனை உள்ளே இழுப்பதிலும் மீன் மாட்டிய பின் ரீலைச் சுற்றுவதிலும். இதற்கு மிக எளிய வழி டென்காரா: ஜப்பானிய மலையோடைக் கழி, ரீலே கிடையாது, கழியின் நீளத்துக்கே நுனியில் கட்டிய லைன், 11 முதல் 13 அடி. ஒரே கையில் எல்லாம் முடிந்துவிடும். சிறு ஓடைகளுக்கு இதுவே போதும், முதல் நாளிலேயே யாருடைய உதவியுமின்றி மீன் பிடித்துவிடலாம். பெரிய ஆற்றுக்கு ரீல் வேண்டும் என்றால், விரலால் நெம்பினால் தானே லைனைச் சுருட்டும் சுருள்வில் ரீல் கிடைக்கிறது. அல்லது கழியை மார்பிலோ இடுப்பிலோ கட்டும் பட்டையின் குழிக்குள் செருகி நிறுத்திவிட்டு, இருக்கும் கையால் ரீலைச் சுற்றலாம். லைனும் தங்கூசியும் சேரும் இடத்தில் வளையத்துக்குள் வளையம் மாட்டும் இணைப்பை முன்கூட்டியே செய்து வையுங்கள், ஆற்றங்கரையில் முடிச்சுப் போடும் தேவை குறையும். கட்டும் மேசையில் ஃப்ளையை முடிக்கப் போடும் விப் ஃபினிஷ் முடிச்சுக்குப் பதிலாக நூலில் ஒரு சொட்டு உடனடிப் பசையைத் தடவி இரண்டு சுற்றுச் சுற்றி அறுத்துவிட்டால் போதும், பிடித்துக்கொள்ளும். செயற்கைக் கையின் கொக்கியில் எதைப் பிடிக்க முடியும், எதை முடியாது என்பதை அவரே உங்களைவிட நன்றாக அறிவார். கேட்டுவிட்டுச் செய்யுங்கள். கேட்காமல் கையிலிருந்து வாங்கிச் செய்துகொடுப்பதுதான் புதிய தன்னார்வலர்கள் எல்லாரும் செய்யும் தவறு.

ஆற்றில் இறங்குவதற்கு முன் சரிபார்க்க வேண்டியவை வேறு. செயற்கைக் காலின் சமநிலை அவர் அன்றாடம் போடும் செருப்பின் குதிகால் உயரத்துக்கு அமைக்கப்பட்டது. நீரில் போடும் பூட்ஸின் குதிகால் மில்லிமீட்டர் கணக்கில் மாறினாலும் அவர் முன்னாலோ பின்னாலோ சாயத் தொடங்குவார். ஆகவே பூட்ஸை ஒரு வாரம் முன்பே கொடுத்துத் தரையில் நடந்து பார்க்கச் சொல்லுங்கள். முழங்காலில் மின்னணுச் சாதனம் உள்ள கால்களில் எல்லாமே நீரில் நனையத் தகுந்தவை அல்ல, அவருடைய செயற்கைக்கால் நிபுணரைக் கேட்காமல் இறக்கக் கூடாது. நீரில் இறங்கப் போடும் ‘வேடர்’ என்ற நீர்புகா உடையின் ஒடுங்கிய பாதத்துக்குள் அசையாத பாதத்தை நுழைப்பது பெரும்பாடு. பாதத்தின்மேல் ஒரு பிளாஸ்டிக் பையை மாட்டினால் வழுக்கிக்கொண்டு போய்விடும். இடுப்புப் பட்டை இறுக்கமாக, ஊன்றுகோல் கையில், மேலே மிதவைச் சட்டை. ஒருவருக்கு ஒருவர் துணை, நீரோட்டத்தின் கீழ்ப்பக்கத்தில்.

தண்டுவடக் காயம் உள்ளவர் வந்தால் இன்னும் கவனம் வேண்டும். காலில் உணர்ச்சி இல்லாததால் குளிர்ந்த நீரும் உரசலும் அவருக்குத் தெரியாது. வியர்வை சுரப்பது குறைவதால் வெயிலில் உடல் சூடேறும். நெஞ்சுக்கு நடுவில் அல்லது அதற்கு மேல் தண்டுவடம் பாதித்தவருக்கு, இறுக்கமான பட்டையோ நிரம்பிய சிறுநீர்ப்பையோகூட இரத்த அழுத்தத்தைத் திடீரென்று ஏற்றிவிடக்கூடும். இடிக்கும் தலைவலி, முகம் சிவத்தல், மேல் உடம்பில் மட்டும் வியர்வை ஆகியவை அதன் அறிகுறி. உடனே நிமிர்த்தி உட்காரவைத்து, இறுக்கத்தையெல்லாம் தளர்த்தி, சிறுநீர்க்குழாய் மடங்கியிருக்கிறதா என்று பார்த்து, அவசர உதவியை அழைக்க வேண்டும். இது மருத்துவ அவசரநிலை. தன்னார்வலர்களில் ஒருவருக்காவது இது தெரிந்திருக்க வேண்டும். இத்தகையவர்களுக்கு இரண்டு பேரும் துடுப்புக்காரர் ஒருவரும் போகும் ட்ரிஃப்ட் படகோ, சக்கர நாற்காலி ஏறும் சரிவுள்ள மேடையோதான் ஏற்றது. கழிப்பறை எவ்வளவு தூரம், அதன் கதவு எவ்வளவு அகலம் என்பதை முன்னரே ஒருவர் நேரில் போய்ப் பார்த்து வர வேண்டும். இது இல்லாமல் கெட்டுப்போன பயணங்கள் பல.

மனத்தைப் பற்றி. அங்கே நோய் விவரம் உங்களிடம் யாரும் சொல்லமாட்டார்கள், மருத்துவமனை மூலம் வருபவர் பற்றி மருத்துவத் தனியுரிமைச் சட்டம் அதற்கு இடம் தராது. நீங்களும் கேட்க வேண்டாம். என்ன நடந்தது, எங்கே இருந்தீர்கள், யாரையாவது சுட்டீர்களா போன்றவை வாயில் வரவே கூடாதவை. அவராகச் சொன்னால் கேளுங்கள், வேலையைத் தொடர்ந்துகொண்டே கேளுங்கள். பின்னாலிருந்து வந்து தோளைத் தொட வேண்டாம், முன்னால் வந்து குரல் கொடுங்கள். கதவைப் பார்த்த இருக்கையையும் சுவரை ஒட்டிய இருக்கையையும் அவர்களுக்கு விடுங்கள். இலையுதிர் காலத்தில் ஆற்றை ஒட்டிய காட்டில் வேட்டைப் பருவம் தொடங்கியிருந்தால் துப்பாக்கிச் சத்தம் கேட்கும். மாநில வேட்டை நாட்காட்டியைப் பார்த்துத் தேதி வையுங்கள். ஜூலை 4 பட்டாசு வாரத்தைத் தவிர்த்துவிடுங்கள். மீன்பிடிக் கிளப்புகளில் பியர் சகஜம் என்பது உங்களுக்குத் தெரியும். இந்த மாலைகளில் மது வேண்டாம். குடியை விட்டு மீண்டுகொண்டிருப்பவர்கள் சிலர் நிச்சயம் இருப்பார்கள். படம் எடுப்பதற்கும் அதை வெளியிடுவதற்கும் தனித்தனியாக அனுமதி வாங்குங்கள். நன்கொடையாளருக்குக் காட்ட ஒருவரின் செயற்கைக் காலைப் படமெடுப்பது, கேட்டு வாங்கிய அனுமதியோடு என்றாலும், தவிர்ப்பது நல்லது.

யாராவது வாழ்வை முடித்துக்கொள்வது பற்றிப் பேசினாலோ, தன் கழிகளையும் பெட்டிகளையும் காரணமின்றிப் பிறருக்குக் கொடுக்கத் தொடங்கினாலோ, தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. அவரைத் தனியே விடாமல், 988 அழைத்து 1 அழுத்தினால் முன்னாள் படைவீரர்களுக்கான நெருக்கடி உதவி கிடைக்கும். உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் 911. இதற்குமேல் ஆலோசகராக இருக்க முயல வேண்டாம். அது உங்கள் வேலை அல்ல, உங்களால் முடிவதும் அல்ல. குழுவை நடத்துபவரிடம் அன்றே சொல்லிவிடுங்கள்.

கடைசியாகப் பணம். உங்கள் கிளப்பே நேரடியாகச் செலவு செய்கிறதா, பெரிய அமைப்புக்கு அனுப்புகிறதா என்று முதலில் கேளுங்கள். வருமானவரித் துறையின் இணையத் தேடலில் அந்த அமைப்பு வரிவிலக்குப் பெற்றதா என்று பார்க்கலாம். அது ஆண்டுதோறும் தாக்கல் செய்யும் 990 படிவமும் பொதுவில் கிடைக்கும்; அதில் திட்டச் செலவு, நிர்வாகச் செலவு, நிதி திரட்டும் செலவு தனித்தனியாக இருக்கும். படைவீரர் என்ற சொல்லுக்குப் பணம் எளிதாக வருவதால் ஏமாற்றுக்காரர்களும் இந்தப் பக்கம் அதிகம். அதே நேரத்தில் நிர்வாகச் செலவு குறைவு என்பதை மட்டும் வைத்து நல்ல அமைப்பு என்று முடிவுகட்ட வேண்டாம். காப்பீடு, தன்னார்வலர் பின்னணிச் சோதனை, பயிற்சி போன்றவையும் அந்தக் கணக்கில் வரலாம், அவை இல்லாத அமைப்பு மலிவானது, பாதுகாப்பானது அல்ல. கிளப்பே செலவு செய்கிறது என்றால், ஆடம்பர விடுதியில் இரண்டு நாள் என்பதைவிட ஆறு வைஸ், மேசை விளக்குகள், முள், இறகு, நூல், கழி செய்யும் பொருள்கள் என்று வாங்கிவைப்பது ஆண்டு முழுதும் பயன்படும். ஒரு தொடக்கநிலைக் கழி, ரீல், லைன் தொகுப்பு 150 முதல் 250 டாலருக்குள் கிடைத்துவிடும். மீன்பிடி உரிமத்தில் மாற்றுத்திறன் கொண்ட முன்னாள் படைவீரர்களுக்குப் பல மாநிலங்கள் சலுகை தருகின்றன. மாநில வனவிலங்குத் துறையில் கேட்டுக்கொள்ளுங்கள், பயணத்துக்கு முந்தைய இரவு அல்ல.

உங்கள் நிலையில் இருப்பவருக்கு நான் சொல்வது நேரத்தைத்தான். அருகிலுள்ள படைவீரர் நலத்துறை மருத்துவமனையின் பொழுதுபோக்குச் சிகிச்சைப் பிரிவிலோ ஹீலிங் வாட்டர்ஸ் கிளையிலோ கேட்டால் எந்த மாலையில் கூடுகிறார்கள் என்று சொல்வார்கள். பின்னணிச் சோதனைக்கும் அறிமுகப் பயிற்சிக்கும் சில வாரம் ஆகும். நீங்கள் நன்றாக ஃப்ளை கட்டத் தெரிந்தவராக இருக்கத் தேவையில்லை. முதல் மாதம் பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் கட்டக் கற்றுக்கொண்டால் அதுவே நல்ல தொடக்கம். ராணுவத்தில் இல்லாதவர் என்பதும் குறை அல்ல. தன்னைப் பற்றி எதுவும் தெரியாத ஒருவரோடு மீனைப் பற்றி மட்டும் பேச முடிவது அங்கே வரும் பலருக்கு இளைப்பாறல். ஒரே கட்டுப்பாடு, வருகிறேன் என்று சொன்ன மாலையில் வந்துவிட வேண்டும். முடியாவிட்டால் முந்தின நாளே சொல்லிவிட வேண்டும், அவருக்குத் தெரிந்த இன்னொருவர் அந்த நாற்காலியில் இருக்கும்படி. மாதத்தில் இரண்டு மாலைதான் முடியும் என்றால் இரண்டுக்கு மட்டும் ஒப்புக்கொள்ளுங்கள். ஆள் குறைவது பெரும்பாலும் ஜனவரி, பிப்ரவரியில்தான். வெளியே மீன்பிடிக்க முடியாத அந்த இரண்டு மாதங்களில் தன்னார்வலர்கள் வராமல் போவார்கள், முன்னாள் படைவீரர்களோ அப்போதுதான் தவறாமல் வருவார்கள். ஒருங்கிணைப்பாளரிடம் பேசும்போது அந்த இரண்டு மாதத்தை முதலில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.